இறால் ஒவ்வாமை மூலிகைப் பொடியால் குணமாகுமா?

கேள்வி: “12 வயது மகனுக்கு இறால் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பாலும் கத்தரிக்காயும்கூட அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆறு மாதம் மூலிகைப் பொடி கொடுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் இறால் கொடுத்துப் பாருங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?”

பொடியைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்தக் ‘கொஞ்சம் இறால் கொடுத்துப் பாருங்கள்’ மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை மருத்துவமனைகளில் செய்வது உண்டு. ஊசியும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பொட்டளவில் தொடங்கிச் செய்வார்கள். வீட்டுச் சமையலறையில் செய்யும் காரியம் இல்லை அது.

நான் மருத்துவர் இல்லை. பண்ருட்டிக்காரன். இறால் ஆகாதவன். ஆனால் எனக்கு ஆகாதது இறால்தான் என்று தெரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆகும் பண்டங்களை எல்லாம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

2014 சித்திரை வெயிலில் கடலூரிலிருந்து சூரை மீன் வாங்கி வந்தோம். பஸ் தாமதம், பையில் போட்ட ஐஸ் நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் தண்ணீராகிவிட்டது. குழம்பு நன்றாகத்தான் இருந்தது, நாக்கில் ஏதோ மிளகு கடித்தாற்போலச் சுருக்கென்றதைத் தவிர. அரை மணி நேரத்தில் எனக்கும் மச்சானுக்கும் முகம் செக்கச்செவேல் என்றாகி, தலைவலியும் உடம்பு முழுக்க அரிப்பும். ஆயா அருகம்புல், வெற்றிலை, மிளகு போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். “காணாக்கடிடா, ரெண்டு வேளையில போயிடும்” என்றார். திடீரென்று வரும் அரிப்புத் தடிப்பைத்தான் காணாக்கடி என்பார்கள். இரவுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து நான் ‘மீன் அலர்ஜி’ உள்ளவன். கஷாயம் ‘அலர்ஜிக்கு மருந்து’. இரண்டுமே தவறு என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மறு ஆண்டு காரணமே தெரியாமல் மாதக்கணக்கில் தடிப்பு வந்து வந்து போயிற்று. ஒரு பரிசோதனைக் கூடத்தில் பெருந்தொகை கொடுத்து இரத்தம் கொடுத்தேன். கோதுமை, தக்காளி, முட்டை, துவரை என்று 14 பண்டங்களுக்குச் சிவப்புக் கோடு போட்ட தாள் ஒன்று வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதை ஒட்டி வைத்தோம். என் மனைவி எனக்கென்று தனி உலை வைக்க ஆரம்பித்தாள். எட்டுக் கிலோ இளைத்தேன். தடிப்பு மட்டும் இளைக்கவில்லை.

2018இல் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு மருத்துவரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அது ‘ஐஜிஜி’ என்ற எதிர்ப்புரதத்தை அளக்கும் சோதனையாம். நாம் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதற்குத்தான் அது சாட்சி, எது ஆகாது என்பதற்கு இல்லை. துவரம்பருப்பு தின்னாத தமிழன் உடம்பில்தான் துவரைக்குக் கோடு விழாது என்று சிரித்தார். பிறகு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் வந்தது, கூடச் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று, ஒவ்வொரு முறையும் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டார். ‘மச்சானுக்கும் வந்தது’ என்றதுமே சூரை மீன் வழக்குத் தீர்ந்துவிட்டது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அவற்றின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஒவ்வாமையின்போது நம் உடம்பு சுரக்கும் அதே பொருளை நாம் குழம்பாக ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு மீன் அலர்ஜி இல்லை; மீன் கெட்டிருந்தது, அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் நீடித்த தடிப்பு வேறு கதை. ஆறு வாரத்துக்கு மேல் தொடரும் காணாக்கடிக்குப் பெரியவர்களிடம் உணவு காரணமாக இருப்பது அபூர்வமாம். தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார். சில மாதங்களில் அடங்கியது. அரிப்பு மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, முன்கையில் ஊசி முனையால் குத்திப் பார்க்கும் சோதனையும் செய்தார். மீனுக்கு ஒன்றுமில்லை. இறாலுக்குப் புளியங்கொட்டை அளவு வீங்கியது. சிறு வயதிலிருந்தே இறால் தின்றால் எனக்கு வாய்க்குள் நமநமவென்று இருக்கும். சூடு என்று நினைத்துக்கொள்வேன், மோர் குடிப்பேன்.

அலர்ஜி என்ற சொல்லை 1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே உருவாக்கினார். அந்த ஒரே சொல்லுக்குள் பல வியாதிகளை நாம் அடைத்துவிட்டோம். உங்கள் மகனுக்கு இறாலால் வந்தது அசல் ஒவ்வாமை போலத்தான் தெரிகிறது. இறால் சதையில் உள்ள டிரோப்போமயோசின் என்ற புரதத்தை உடம்பு பகையாளி என்று குறித்துவைத்துக்கொள்ளும். அதற்கென்று ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்புரதத்தைச் செய்து காவல் நிறுத்தும். அடுத்த முறை அந்தப் புரதம் எட்டிப் பார்த்தாலே ஹிஸ்டமின் மடை திறக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தப் புரதம் பெரிதாக மாறுவதில்லை. பாலின் கதை அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றோட்டம் ஆகிறது, தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன என்றால், பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைவு என்று பொருள். நம்மில் ஏராளமானோருக்கு அப்படித்தான். தொந்தரவு, ஆபத்தில்லை. பாலுக்கும் தடிப்பு வந்தால் அது வேறு விஷயம். கத்தரிக்காயை நம் பெரியவர்கள் ‘கரப்பான்’, அதாவது தோலில் சொறி கிளப்பும் பண்டம், என்று ஒதுக்குவார்கள். அதற்கும் உண்மையான ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு, சும்மா நாக்கு அரிப்பவர்களும் உண்டு. இவற்றைப் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பொடியா?

2019இல் உறவினர் வீட்டுக் காதணி விழா. அன்று காலை முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தேன். பந்தியில் இறாலைத் தொடவே இல்லை. முருங்கைக்கீரைப் பொரியல்தான் சாப்பிட்டேன். அதில் சென்னாக்குன்னி தூவியிருந்ததைக் கவனிக்கவில்லை. சென்னாக்குன்னி என்பது காய்ந்த குட்டி இறால்தானே. பத்து நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது, பிறகு குரல் கம்மியது, தொண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. அத்தை ஓடிப்போய் அம்மியில் வெற்றிலையும் மிளகும் அரைத்தார். நான் எச்சிலையே விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மச்சான்தான் அம்மிக்குக் காத்திருக்காமல் காரில் தூக்கிப்போட்டார். மருத்துவமனையில், கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டு ஐந்தாறு நிமிடத்தில் மூச்சு திரும்பியது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும் என்று இரவு முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வலி மாத்திரை, மது, கடும் ஓட்டம் எல்லாம் ஒவ்வாமையைத் தூண்டிவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

‘பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம்’ என்பார்கள். இறால் பகையாளியானால் அந்தப் பழமொழி செல்லாது.

அத்தையைக் குறை சொல்லமாட்டேன். தடிப்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தானாகவே மறையும். அதற்குள் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். மூலிகையை இளக்காரமாகப் பேசவும் எனக்கு வாய் வராது. இருமலுக்கு மருந்துக் கடையில் தரும் புரோம்ஹெக்ஸின், ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டி உருவானது. ஆனால் மூலிகை என்பதாலேயே சாது என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொள்வார்கள். ஓட்டின் எண்ணெய் பட்டால் கை கொப்பளித்துவிடும். என் அம்மா பல ஆண்டுகள் அந்த வேலை பார்த்தவர். கைப்படைக்கு நல்லது என்று ஒருவர் சேராங்கொட்டை எண்ணெய் கொடுத்தார். சேராங்கொட்டை, முந்திரி, மா மூன்றும் ஒரே குடும்பம். முந்திரியால் நொந்த கைக்கு அது எரியும் கொள்ளியாயிற்று. அதுவும் உடனே காட்டவில்லை, இரண்டாம் நாள்தான் புண்ணாக வெடித்தது. சேராங்கொட்டையைச் சித்த மருத்துவர்கள் முறைப்படி நச்சு நீக்கி, அதாவது ‘சுத்தி’ செய்துதான் பயன்படுத்துவார்கள். கையில் கிடைத்ததைக் காய்ச்சிக் கொடுப்பவர்கள் அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை.

உங்களுக்குத் தெரிந்தவர் சொல்லும் பொடியில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பெயர்களைச் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். இறால் ஒவ்வாமையை அடியோடு எடுத்துவிடும் என்று நிறுவப்பட்ட மூலிகை எதுவும் இன்றைக்கு இல்லை. மகனை ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போவதற்கு முன், சாப்பிட்டது, அளவு, நேரம், வந்த தொந்தரவு, அன்று போட்ட மாத்திரை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நண்டும் சிங்கி இறாலும் அவனுக்கு ஆகுமா என்று கேளுங்கள். அவற்றிலும் அதே வகைப் புரதம் உண்டு. அட்ரினலின் கையில் வைத்திருக்கவேண்டுமா, எப்போது போடவேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கும் அதில் ஒரு நகல் கொடுங்கள். குரல் மாறினாலோ மூச்சு இழுத்தாலோ மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் எதற்கும் நிற்காமல் 108க்குப் பேசுங்கள். தலை சுற்றினால் எழுப்பி நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம்.

விருந்துக்குப் போனால் ‘இறால் இருக்கிறதா’ என்று கேட்பதோடு விடாதீர்கள். ‘சென்னாக்குன்னி போட்டிருக்கிறதா’ என்றும் தனியாகக் கேளுங்கள். பரிமாறுகிறவர்கள் அதை இறால் கணக்கில் சேர்ப்பதில்லை.