சிவில் எடுத்தால் கண்டுபிடிப்பாளர் ஆக முடியாதா?

வணக்கம் அம்மா. உங்கள் மகள் சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். கூடவே, புதிதாக எதையாவது கண்டுபிடித்து, அதை மற்றவர்கள் அனுமதியில்லாமல் பயன்படுத்தாதபடி தடுக்கும் காப்புரிமை (பேட்டன்ட்) வாங்க வேண்டும் என்கிறாள். "சிவிலில் எல்லாவற்றையும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களே, கம்ப்யூட்டர் பிரிவில் சேர்த்தால்தானே அவள் ஆசை நடக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பல பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவள் ஆசைப்பட்ட பிரிவிலேயே சேரட்டும். ஏன் என்று விளக்குகிறேன்.

இன்று வீடு, பாலம், அணை என்று எங்கும் இருக்கிற கம்பி வைத்த கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான ஆரம்பகாலக் காப்புரிமைகளில் ஒன்றை 1867-இல் வாங்கிய ஜோசப் மோனியே பிரான்சைச் சேர்ந்த ஒரு தோட்டக்காரர். சிமென்ட்டில் செய்த செடித்தொட்டிகள் விரிசல் விட்டுக்கொண்டே இருந்ததால், உள்ளே இரும்புக் கம்பி வலையை வைத்துப் பார்த்தார். அப்புறம் குழாய், பாலம் என்று அடுத்தடுத்துக் காப்புரிமைகள் வாங்கினார். தொட்டி உடைவதை அன்றாடம் பார்த்தவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. கான்கிரீட்டில் இன்னும் விரிசல் விழத்தான் செய்கிறது, கம்பி இன்னும் துருப்பிடிக்கத்தான் செய்கிறது. சிமென்ட் தயாரிக்கும்போது வெளியேறும் கரியமில வாயு உலகத்துக்கே பெரிய தலைவலி. இத்தனை சிக்கல் மிச்சமிருக்கிற துறையில் வேலை முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

இன்னொருவர் நில்ஸ் போலின். ஸ்வீடனில் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கான இருக்கைகளை வடிவமைத்தவர். ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு வெளியே வீசுமே, அந்த இருக்கை. 1958-இல் வோல்வோவில் சேர்ந்தார். அப்போதைய கார்களில் இருந்தது பெரும்பாலும் இடுப்பை மட்டும் பிடிக்கும் பட்டை. அதிவேகத்தில் உடல் எப்படித் தூக்கி எறியப்படும் என்று விமான வேலையில் தெரிந்துகொண்டவர், தோளுக்குக் குறுக்கே ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக, ஒரே கையால் மாட்டக்கூடிய மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். 1959-இல் அது காருக்குள் வந்தது. மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. எத்தனை உயிர்கள் பிழைத்தன என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும். ஒரு துறையில் கற்றதை இன்னொரு துறைக்குக் கொண்டுபோகிறவர்களிடமிருந்து இப்படி நிறைய வந்திருக்கின்றன. அதனால் சிவில் படித்தாலும் அவள் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸும் கொஞ்சம் புரோகிராமிங்கும் கற்றுக்கொள்ளட்டும். அது போதும், பிரிவையே மாற்ற வேண்டாம்.

ஸ்டெஃபனி குவாலெக்கைப் பற்றியும் மகளிடம் சொல்லுங்கள். மருத்துவம் படிக்கப் பணம் சேர்ப்பதற்காக 1946-இல் டூபான்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தில் வேதியியலாளராகச் சேர்ந்தவர், அந்த ஆராய்ச்சி பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிட்டார். 1965-இல் அவர் தயாரித்த ஒரு கரைசல் வழக்கம்போல் கெட்டியாகவும் தெளிவாகவும் வரவில்லை. நீர்த்தும் கலங்கியும் இருந்தது. இழை நூற்கும் கருவியை இயக்கியவர், துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று தயங்கினார். குவாலெக் வற்புறுத்தி நூற்க வைத்தார். கெவ்லர் பிறந்த கதை இது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வலுவான அந்த இழையில்தான் குண்டு துளைக்காத உடைகள் வந்தன. காப்புரிமையில் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் இருக்கும், உரிமையோ நிறுவனத்துடையது. வேலைக்குச் சேர்ந்தால் பெரும்பாலும் இப்படித்தான், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். பல கல்லூரிகளிலும் இதற்கென்று விதி உண்டு. சேரும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, காப்புரிமை கிடைக்க என்ன வேண்டும்? யோசனை உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. செய்து பயன்படுத்தக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டு உரிமை, அதுவும் வாங்கிய நாட்டுக்குள் மட்டும். இடையில் புதுப்பிப்புக் கட்டணமும் கட்டிவர வேண்டும். ஜெட் என்ஜினுக்கு 1930-இல் விண்ணப்பித்த ஃபிராங்க் விட்டில், 1935-இல் ஐந்து பவுண்ட் கட்ட வழியில்லாமல் அந்த உரிமையை இழந்தார்.

மாணவர்கள் அடிக்கடி செய்கிற ஒரு தவறு எனக்கு வருத்தம் தருகிறது. விண்ணப்பிக்கும் முன்பே கண்காட்சியில் வைத்துவிடுவார்கள், வீடியோவாகவும் போட்டுவிடுவார்கள். அதோடு அது "புதிது" இல்லாமல் போய்விடலாம். சில நாடுகள் கொஞ்சம் அவகாசம் தருகின்றன, ஐரோப்பிய நாடுகளில் அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. முதலில் விண்ணப்பம், அப்புறம் மேடை.

இன்னொன்று. பணம் கட்டினால் காப்புரிமையில் பெயரைச் சேர்த்துவிடுகிறோம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவரிடம் அப்படி வாங்கிய தாள் இருந்தது. படித்துப் பார்த்தால், விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ரசீது அது. நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டபோது அவரால் இரண்டு வரிகூட விளக்க முடியவில்லை. விண்ணப்பித்தது வேறு, வழங்கப்பட்டது வேறு. நேர்மையாகச் செய்த ஒரு சின்ன புராஜெக்ட் இதைவிட எவ்வளவோ மேல்.

காப்புரிமையைச் சுற்றி வேலைகளும் இருக்கின்றன. விண்ணப்பங்களைச் சோதிக்கும் தேர்வாளர், எழுதித் தரும் முகவர், நிறுவனங்களுக்காகத் தேடித்தரும் ஆய்வாளர் என்று பல. இவற்றுக்கு எந்த இன்ஜினியரிங் பிரிவிலிருந்தும் போகலாம், நன்றாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். முகவர் ஆவதற்குப் பல நாடுகளில் தனித் தேர்வு உண்டு.

இப்போதைக்கு மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெநெட் என்ற இரண்டு இணையதளங்களிலும் கோடிக்கணக்கான காப்புரிமை ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கான்கிரீட் பற்றி ஒன்று, அவளுக்குப் பிடித்த வேறு துறையில் ஒன்று எடுக்கட்டும். முதலில் படங்களைப் பார்க்கட்டும். பிறகு, முன்பிருந்தவற்றில் என்ன குறை என்று எழுதியிருக்கும் பகுதி. எந்த அளவுக்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் உரிமைக்கோரல்களைக் கடைசியில் படித்தால் போதும். மொழி கரடுமுரடாக இருக்கும், நாலைந்து படித்தால் பழகிவிடும். படித்ததில் எது தீர்ந்தது, எது இன்னும் தீரவில்லை என்று ஒரு பக்கம் எழுதட்டும். எந்த ஆவணத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை என்றும் அவளையே கேளுங்கள். அந்தப் பக்கத்தோடு இருவரும் வாருங்கள், கல்லூரிப் பட்டியலை அன்றைக்குப் பார்ப்போம்.