துண்டுக்குள் இருக்கட்டும் உங்கள் விலை

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அருகே ஆறு குடித்தனம் உள்ள லைன் வீடு ஒன்று விலைக்கு வருகிறது. வீட்டுக்கு 5,000 ரூபாய் வாடகை. 62 லட்சம் சொல்கிறார்கள். “உங்களால் எவ்வளவு முடியும் அம்மணி? நான் முடித்துத் தருகிறேன். நாளை கோவையிலிருந்து வேறு பார்ட்டி வருகிறது” என்கிறார் தரகர். 2 சதவீதம் கமிஷனாம். என்ன விலைக்குக் கேட்பது?
- வாசகி, பல்லடம்

பதில்: உங்களால் எவ்வளவு முடியும் என்பதைத் தரகரிடம் இன்னும் சொல்லவில்லையே? காங்கயம் மாடு வாங்கப் போன நம் தாத்தாக்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசினார்கள். உங்கள் உச்ச விலையும் துண்டுக்குள்ளேயே இருக்கட்டும். கோவைப் பார்ட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்கு வரும் கடிதங்களில் எல்லாம் அவர் நாளைக்குத்தான் வருகிறார்.

முதலில் கணக்கு. ஆண்டு வாடகை 3.6 லட்சம். ஆர்டர் இல்லாத மாதங்களில் அறைகள் காலியாகும். மோட்டார் பழுது, வெள்ளையடிப்பு, வீட்டு வரி எல்லாம் போக 3 லட்சம் என்று வையுங்கள். 62 லட்சத்தோடு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதம் சேர்த்தால் 67.58 லட்சம். நூற்றுக்கு நாலரை ரூபாய்கூட வரவில்லை. 55-க்கு முடிந்தால் நூற்றுக்கு ஐந்து வரும். அதுதான் உங்கள் எல்லை. 51-ல் தொடங்குங்கள். இந்தக் கணக்கையே தரகரிடம் காட்டுங்கள், எல்லையை மட்டும் மறைத்துவிட்டு.

அவர் உங்களுக்கு எதிரி இல்லை. 62-க்கு முடிந்தால் உங்களிடம் அவருக்கு 1.24 லட்சம், 55-க்கு முடிந்தால் 1.10 லட்சம். வித்தியாசம் வெறும் 14,000. பேச்சு முறிந்தால் மொத்தமும் போகும். ஆகவே விற்பவரை இறக்கிவரவும் அவரே பாடுபடுவார், நீங்கள் எழுந்து போகக்கூடியவர் என்று நம்பினால். “ஒப்பந்தம் பதிவு செய்ய அடுத்த வாரமே தயார், மூன்று மாதத்தில் கிரயம்” என்று சொல்லிப் பாருங்கள். மகள் கல்யாணமோ கடனோ நெருக்குகிற விற்பனையாளருக்கு அந்தத் தேதி இரண்டு லட்சம் பெறும்.

விலை சொல்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரகர் இல்லாமல் அங்கே போய் வாருங்கள். வாசலில் செருப்பு கிடக்கிறதா, குடம் வரிசையில் நிற்கிறதா, ஆறு வீட்டுக்கும் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்பவர்களிடம் வாடகையோடு அட்வான்ஸையும் கேளுங்கள். வீட்டுக்கு 30,000 என்றால் 1.8 லட்சம். அவர்கள் காலி செய்யும்போது அதை நீங்கள்தான் திருப்பித் தர வேண்டும். விலையில் கழிக்கச் சொல்லுங்கள். தரகர் வாயிலிருந்து இது வராது.

வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா மூன்றையும் வழக்கறிஞர் பார்க்கும்வரை முன்பணம் கிடையாது. கொடுக்கும்போதும் வங்கி வழியாகத்தான். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணம் பெறுகிற விற்பனையாளருக்கு அதே அளவு அபராதம் உண்டு. விலை 50 லட்சத்தை எட்டினால், விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து 1 சதவீத வரியை நீங்களே பிடித்தம் செய்து கட்ட வேண்டும்.

கமிஷனையும் இப்போதே பேசிவிடுங்கள். விற்பவரிடமும் வாங்குகிறார் என்றால் உங்கள் பக்கம் 1 சதவீதம் போதும், அதுவும் கிரயம் பதிவான அன்று. முன்பணம் கைமாறும் அன்றே பாதியைக் கேட்பார், கொடுக்காதீர்கள்.