மெழுகு பிளாக்கைத் தொலைத்துவிடாதீர்கள்
வயிற்றுப் புற்றும் வைரஸ் பரிசோதனையும்: நோய்க்குறியியல் மருத்துவரின் பதில்கள்

முழு உடல் பரிசோதனையில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் எதிர்ப்பொருள் ‘பாசிட்டிவ்’ என்று வந்துள்ளது. இந்த வைரஸால் வயிற்றுப் புற்று வரும் என்கிறார்களே, எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டுமா? – வாசகி, வில்லியனூர்

உங்கள் தெருவில் பத்துப் பேருக்கு ரத்தம் எடுத்தால் ஒன்பது பேருக்காவது இதே முடிவுதான் வரும். எச்சில் வழியாகப் பரவும் இந்த வைரஸ், நம் ஊரில் பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்து, ரத்த வெள்ளணுக்களில் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. எப்போதோ அது வந்ததைத்தான் எதிர்ப்பொருள் காட்டுகிறது. வயிற்றில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதைப் ‘புற்றுநோய் பேக்கேஜ்’ என்று சேர்த்து விற்பது எனக்கு எரிச்சலூட்டும் வியாபாரம். காரணமில்லாத எடைக் குறைவு, விழுங்குவதில் சிரமம், கறுப்பு மலம், ரத்தசோகை, விடாத வாந்தி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் எண்டோஸ்கோபிக்குப் போங்கள். இந்தத் தாளுக்காகப் போக வேண்டாம்.

அப்பாவுக்கு வயிற்றுப் புற்று. பயாப்ஸி முடிந்த பிறகு ‘ஈபர்’ சோதனை எழுதியிருக்கிறார்கள். மறுபடியும் குழாய் விடுவார்களா? – வாசகர், கடலூர் முதுநகர்

பெரும்பாலும் தேவைப்படாது. முதலில் எடுத்த சதைத் துணுக்கு ஃபார்மலினில் பதப்பட்டு, மெழுகில் புதைந்து, சிறு பிளாக்காக ஆய்வகத்தில் இருக்கும். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 250-ல் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவோம். வைரஸ் குடியிருக்கும் செல்லில் ஈபர் என்ற சிறிய ஆர்.என்.ஏ. ஏராளமாக இருக்கும். அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறை ஊற்றி, நிறமேற்றுகிறோம். வைரஸ் இருந்தால் செல்லின் உட்கரு மட்டும் கருநீலமாகவோ பழுப்பாகவோ தெரியும். அது ஆய்வகம் பயன்படுத்தும் சாயத்தைப் பொறுத்தது.

நிறம் ஏறியது எந்தச் செல் என்பதுதான் இதில் முக்கியம். கட்டிக்குள் புகுந்த வெள்ளணு ஒன்றிரண்டில் நிறம் தெரிந்தால் அது கணக்கில் வராது. புற்றுச் செல்களின் உட்கருவில் தெரிய வேண்டும். சதையை அரைத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனையில் இந்த வேறுபாடு தெரியாது. அதனால்தான் ஈபரை நம்புகிறோம்.

இந்த வசதி எல்லா ஆய்வகத்திலும் இல்லை. பிளாக்கை நீங்களே வேறிடத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தால், கத்திரி வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். பயாப்ஸி அறிக்கையின் நகலையும் உடன் வையுங்கள். பிளாக்கில் உள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள்.

ஈபர் பாசிட்டிவ் என்றால் நோய் முற்றியதாக அர்த்தமா? – வாசகர், பண்ருட்டி

இல்லை. உலக அளவில் வயிற்றுப் புற்றுகளில் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை இந்த வகை. ஆண்களிடமும், வயிற்றின் மேற்பகுதியிலும், முன்பு அறுவை செய்து மிஞ்சிய வயிற்றிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. 2014-ல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு ஆய்வு, வயிற்றுப் புற்றை நான்காகப் பிரித்தபோது இதைத் தனி வகையாக வைத்தது. உடலின் நோயெதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் பி.டி.-எல்1 என்ற புரதம் இவ்வகைக் கட்டிகளில் மிகுந்திருப்பது வழக்கம்; ஆகவே அந்தத் தடையை நீக்கும் நோயெதிர்ப்பு சிகிச்சை சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது. மற்ற வகைகளைவிட நோயின் போக்கும் பொதுவாகச் சற்று நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

எச். பைலோரியும் இந்த வைரஸும் ஒன்றா? – வாசகி, நெல்லிக்குப்பம்

அது பாக்டீரியா. வயிற்றுப் புற்றுக்கு வைரஸைவிடப் பெரிய காரணம் அதுதான். மாத்திரையால் ஒழிக்கவும் முடியும். மூச்சுச் சோதனை அல்லது மலச் சோதனை போதும். அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்திய பிறகே சோதிக்க வேண்டும். நிறுத்தலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பொய்யாக ‘நெகட்டிவ்’ வந்து, நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

துறைமுகத்துப் பக்கம் வீடு, கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. விட்டுவிட வேண்டுமா? – வாசகர், கடலூர்

அடியோடு விடச் சொல்ல மாட்டேன், எனக்கும் பிடிக்கும். உப்பு மிகுந்த உணவு வயிற்றின் உட்சவ்வைப் புண்ணாக்குகிறது. தினமும் தின்பதுதான் தொல்லை. வாரம் ஒருநாள், நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். புகையிலை போட்டால் அதை முதலில் விடுங்கள்.

அப்பாவின் தட்டில் பிள்ளைகள் சாப்பிடலாமா? – முதுநகர் வாசகரே

சாப்பிடலாம். புற்று எச்சிலில் தொற்றாது. வைரஸ் அவர்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கீமோதெரபி நடக்கும் நாட்களில் மட்டும், அப்பாவுக்குப் பிள்ளைகளிடமிருந்து சளி, காய்ச்சல் தொற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.