பல் டாக்டர் பதில்கள்: மாத்திரை போட்டால் நின்றுவிடும் வலி

கேள்வி: சோமனூரில் விசைத்தறி ஓட்டறேனுங்க, வயசு 46. வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் அடிக்கடி வலிக்குது. ராத்திரி படுத்தாத்தான் ரொம்ப. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டா நின்னுரும், மறுபடி வரும். கிராம்பும் வெச்சுப் பார்த்தாச்சுங்க. பல் விளக்கினா ஈறுல ரத்தம் வருது. சுத்தம் பண்ணினா பல் ஆடிப்போகும்னு மச்சான் சொல்றாரு. பேசாம பிடுங்கிடட்டுங்களா?

பதில்: பிடுங்குவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் எக்ஸ்ரே எடுங்கள். வலி வருவதைவிட அது நின்றுபோவதுதான் எனக்குக் கவலை. சொத்தை நரம்பு வரை போனால் உள்ளே வீக்கம் வரும். சுற்றிலும் கெட்டியான பல், வீங்க இடமில்லை. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி அழுத்தம் ஏறும். ராத்திரி வலி அதனால்தான். ஒரு கட்டத்தில் நரம்பு செத்துவிடும், வலியும் அடங்கிவிடும். கிருமி மட்டும் வேர் நுனியில் எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். செத்த நரம்புக்குள் ரத்தம் ஓடாததால் எந்த ஆன்டிபயாடிக்கும் அங்கே போய்ச் சேராது. வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பெரும்பாலும் பல் தங்கும். வேர் பிளந்திருந்தால்தான் பிடுங்கச் சொல்வேன்.

கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

ஈறு விஷயம் வேறு. ரத்தம் வருவது பல்லில் காரை கட்டியிருப்பதால். மச்சான் சொன்னதை என் கிளினிக்கில் வாரம் தவறாமல் கேட்கிறேன்! காரை ஈறைக் கெடுத்து எலும்பைக் கரைத்த பிறகு, சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுத்ததுபோல அதுவே பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எடுத்தால் பழைய ஆட்டம் வெளியே தெரியும், பழி டாக்டர் மேல். சில நாள் கூச்சம் இருக்கும், போய்விடும். ரத்தத்துக்குப் பயந்து பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள், மெதுவாகத் தேயுங்கள்.

இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்கச் சர்க்கரை போட்ட டீ அடிக்கடி குடிப்பீர்கள், சிலர் புகையிலையும் அடக்குவார்கள். நீங்கள் எழுதவில்லை, பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது சிரமமாகும். செலவுக்கு யோசித்தால் கோவை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது.

தாடைக்குக் கீழே வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்கக் கஷ்டமாகக் காய்ச்சலும் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஷிப்ட் முடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.