ஒரே கூரை, பல அடுப்பு: வாசகர் கேள்வி பதில்

பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பித்து, சமையலறையுடன் கூடிய சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகளாக வாடகைக்கு விடுவது குறித்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

காரைக்குடியில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக நாங்கள் எட்டுப் பேர் ஐந்து நாள் தங்க வேண்டும். ஓட்டலில் நான்கு அறை எடுப்பதைவிட, பழைய வீடொன்றில் இரண்டு சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுக்கலாம் என்கிறார் என் கணவர். மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. அவருக்கு ஒத்துவருமா?
*வாசகி, கோயம்புத்தூர்*

உங்கள் கணவரின் யோசனை நல்ல யோசனை. கல்யாண வேலைக்கு நடுவே, நினைத்த நேரத்தில் கொஞ்சம் வெந்நீரோ கஞ்சியோ வைத்துக்கொள்ள ஓர் அடுப்பு இருப்பதே பெரிய ஆறுதல். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களில் மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ வழக்கம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் வீட்டை விட்டு அனுப்புவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதே கூரையின் கீழ் வளவை, அதாவது நடுமுற்றமும் தாழ்வாரமும் உள்ள பகுதியை, சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை அவர்களுக்கென்று ஒதுக்கி, தனியே அடுப்பு மூட்ட இடம் விட்டு, செலவுக்குப் பணமும் அரிசி பருப்பும் கணக்கிட்டுக் கொடுத்துவிடுவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு ‘புள்ளி’. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். என் அப்பத்தா காலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஐந்து அடுப்புகள் எரிந்தன. ஓர் அடுப்பில் வெள்ளைப் பணியாரம் சுட்டால், மற்ற நான்கு அடுப்பங்கரைக்கும் கிண்ணம் போய்விடும். தனித்தனிக் குடித்தனங்கள் சேர்ந்திருப்பதற்கென்றே கட்டிய வீட்டைச் சமையலறையுள்ள குடியிருப்புகளாக ஆக்குவது, ஓட்டலாக ஆக்குவதைவிட அதன் அமைப்புக்குப் பொருந்துகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மாமியாரைப் பொறுத்தவரை, முன்பணம் அனுப்புமுன் சிலவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி, முகப்பிலிருந்து அறைக்குள் போவதற்குள் எத்தனை நிலைவாசலைத் தாண்ட வேண்டும், கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, அது உட்கார்ந்து எழுவதற்குத் தோதானதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பவை முக்கியம். மாடிப்படிகள் பெரும்பாலும் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும் என்பதால் கீழ்த்தள அறைதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பெரிய வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பின்கட்டில் இருக்கும் குடியிருப்பைக் கொடுத்தால், பின் தெரு வாசல் வரை கார் வருமா என்று கேளுங்கள். அப்படி வந்தால் அவர் வீடு முழுவதையும் நடந்து கடக்க வேண்டியிருக்காது.

காற்றோட்டத்தையும் விசாரியுங்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் சீர்வரிசைச் சாமான்களைப் பூட்டி வைப்பதற்கே பெரிதும் பயன்பட்டன. மனிதர்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அதனால் ஜன்னலே இல்லாத அறைகளும் உண்டு. சென்ற கோடையில் நான் தங்கிய ஒரு வீட்டில், கட்டில் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்து நின்றது. விரலால் அழுத்தியபோது உள்ளிருந்து ஈரச் சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடக்கூடியது. அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட்டைப் பூசி அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, அறை முழுவதும் பூஞ்சை வாடை அடிக்கும். சுவருக்கு என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புதான் என்று தயங்காமல் பதில் சொல்பவர், வீட்டின் மற்ற விஷயங்களையும் கவனித்துச் செய்திருப்பார் என்று நம்பலாம்.

தை மாதத்தில் குழந்தைகளுடன் வர எண்ணியிருக்கிறோம். அது ஏற்ற காலமா? செட்டிநாடு உலகப் பாரம்பரியச் சின்னம் என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன், உண்மையா?
*வாசகர், சிங்கப்பூர்*

தை மாதம் மிக நல்ல காலம். பூட்டிக் கிடக்கும் வீடுகள்கூடப் பொங்கலுக்குத் திறந்து, வாசலில் கோலம் விழுந்திருக்கும். சித்திரையையும் வைகாசியையும் தவிர்த்துவிடுங்கள்; எவ்வளவு தடித்த சுவரானாலும் அந்த வெயிலுக்கு ஈடுகொடுக்காது. ஐப்பசியில் வர முடிந்தால், நாற்புறத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் கொட்டுவதைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து குழந்தைகள் பார்க்கலாம். என் சிறுவயதில் அந்தத் தண்ணீரைப் பிடிக்க முற்றத்தின் நான்கு மூலையிலும் அண்டா வைத்திருப்போம்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. உலகப் பாரம்பரியச் சின்னமாக இன்னும் அறிவிக்கப்படவில்லை. நீங்கள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், நீங்கள் வந்த 24 மணி நேரத்திற்குள் தங்குமிடம் நடத்துபவர் உங்கள் வருகை விவரத்தை அதற்குரிய படிவத்தில் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதைப் பற்றி அறியாத இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டை நான்கு குடியிருப்புகளாகப் பிரித்து வாடகைக்கு விடலாம் என்கிறான் என் தம்பி. பங்காளிகள் சிலர் தயங்குகிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
*வாசகர், சென்னை*

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ந்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த கதவு நிலைகளும் தூண்களும் விலைக்குச் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துவிடும். ஒரு வீடாவது நிலையோடு நிற்கப் போகிறது.

முதலில் பங்காளிகளின் தயக்கத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள். அந்த வீட்டில்தான் முன்னோருக்குப் படையலிடும் உங்கள் படைப்பு நடக்கிறது; கல்யாணமும் அறுபதாம் ஆண்டுச் சாந்தியும் அங்கேதான் நடந்திருக்கும். முகப்பையும் வளவையும் சாமி வீட்டையும் எந்தக் குடியிருப்போடும் சேர்க்காமல் பொதுவில் விட்டு, படைப்பு நாளிலும் குடும்பத்து விசேஷ நாள்களிலும் எவருக்கும் வாடகைக்கு விடுவதில்லை என்று எழுதி, பங்குள்ள ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி லட்சக்கணக்கில் செலவு செய்தபின் வழக்கில் போய் நிற்கும் குடும்பங்களை நான் அறிவேன்.

அடுத்தது தண்ணீர். பழைய மெட்ராஸ் டெரஸ் தளம், தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கிக் கட்டியது. அதன்மேல் மாடியில் குளியலறை வைத்தால், கசியும் நீர் பல மாதங்கள் கண்ணுக்குத் தெரியாமல் உத்திரத்தின் முனையை, சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்திலேயே, அரித்துவிடும். நீங்கள் அறியும்போது உத்திரம் தொய்ந்திருக்கும். பர்மாவிலிருந்து வந்த அந்தத் தேக்குக்கு ஈடாக இன்று எங்கே போய் வாங்குவீர்கள்? ஆகவே குளியலறைகள் அனைத்தையும் கீழ்த்தளத்தில், இயன்றவரை இரண்டாம் கட்டிலும் மூன்றாம் கட்டிலும், பழைய அடுப்படி இருந்த பக்கமாகவே அமையுங்கள். அங்கே நீர் வழிந்தோடும் வாட்டம் முன்னோர் வைத்ததாகவே இருக்கும். குழாய்களையும் மின்கம்பிகளையும் சுவரைக் குடைந்து புதைக்காமல், வெளியே தெரியும்படி ஒழுங்காகக் கொண்டுபோங்கள். பழுது பார்ப்பதும் எளிது. விறகும் எரிவாயுவும் வேண்டாம், மின் அடுப்பே போதும்.

உடைந்த பூச்சை சிமென்ட் கொண்டு ஒட்டுப்போடாதீர்கள். சுண்ணாம்பும் மணலும் குழைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீர் சேர்த்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. உங்கள் வீட்டில் கை படாத ஒரு மூலையைத் தேடிச் சென்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பீங்கான்போல வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதல்தான். அவர்களுக்கு வேலை கொடுக்க உங்களைப் போன்றவர்கள்தான் முன்வர வேண்டும்.

ஓர் ஆத்தங்குடித் தரை வீட்டில் மாத வாடகைக்கு இருக்கிறோம். எலுமிச்சைச் சாறு கொட்டிய இடம் மங்கிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?
*வாசகி, கானாடுகாத்தான்*

ஆத்தங்குடிக் கல், அதாவது அந்தத் தரை டைல், சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, பின்புறத்தை மணலும் சிமென்ட்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. புளிப்பு பட்டால் சிமென்ட் அரித்துவிடும், அரித்த இடத்தில் பழைய பளபளப்பு முழுமையாகத் திரும்பாது. ஆசிட் கலந்த எந்தத் திரவத்தையும் அதன்மேல் ஊற்றாதீர்கள். வெறும் நீரில் துடைத்து நன்றாக உலரவிட்டு, பழைய பருத்தித் துணியில் நான்கைந்து சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, அந்த இடத்தை மட்டும் வட்டமாகத் தேயுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு மாதம் செய்தால் மங்கல் பெருமளவு குறையும். எண்ணெயை அதிகம் விட்டுவிடாதீர்கள், கால் வழுக்கும். உரிமையாளரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். அவரிடம் அதே அச்சில் செய்த மாற்றுக் கல் ஒன்றிரண்டு பரணில் இருக்கக்கூடும்.