நெட்டலையும் குறுக்கலையும்

கேள்வி: ஒலி நெட்டலை, ஒளி குறுக்கலை என்று பாடநூல் கூறுகிறது. இப்பிரிவினையால் நடைமுறையில் பயன் உண்டா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மிகப் பெரிய பயன் உண்டு, பூமியின் உட்புறத்தை நாம் அறிந்துகொண்டதே பெரும்பாலும் இப்பிரிவினையால்தான்.

அலையில் பொருள் பயணம் செய்வதில்லை, ஆற்றலே பயணம் செய்கிறது. ஊடகத்தின் துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அதிர்ந்தால் அது நெட்டலை. அத்திசைக்குச் செங்குத்தாக அதிர்ந்தால் குறுக்கலை. (ஒளிக்கு ஊடகமே தேவையில்லை, அங்கு மின்புலமும் காந்தப்புலமும் அவ்வாறு அதிர்கின்றன.)

நிலநடுக்கத்தின்போது இவ்விரு அலைகளும் பாறைக்குள் ஒருசேரப் புறப்படுகின்றன. மேலோட்டில் நெட்டலை வினாடிக்குச் சுமார் 6 கி.மீ., குறுக்கலை சுமார் 3.5 கி.மீ. செல்வதாகக் கொண்டால், 100 கி.மீ. தொலைவில் அவை ஏறத்தாழ 12 வினாடி இடைவெளியில் வந்து சேரும். வலுவாகக் குலுக்குவது பின்னால் வரும் அலைகளே என்பதால், முதல் அலையை உணர்ந்தவுடன் ஓடும் ரயில்களை நிறுத்த ஜப்பானில் இந்தச் சில வினாடிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

என்னை இன்றளவும் வியக்கவைப்பது வேறொன்று. அழுத்தினால் திரவம் எதிர்த்து நிற்கும்; ஆனால் பக்கவாட்டில் நழுவவிட்டால் எதிர்ப்பதில்லை, ஆகவே குறுக்கலை அதனுள் செல்ல இயலாது. பூமியின் மறுபக்கத்து நிலநடுக்கமானிகளுக்கு நேர்வழியில் குறுக்கலைகள் வந்து சேராததைக் கொண்டே, சுமார் 2,900 கி.மீ. ஆழத்திற்குக் கீழே உருகிய புறக்கரு இருப்பது உறுதியாயிற்று. அதனுள் அகக்கரு ஒன்று இருப்பதை 1936-இல் டென்மார்க்கின் நிலநடுக்கவியலாளர் இங்கெ லேமன் நெட்டலைப் பதிவுகளிலிருந்தே கண்டறிந்தார்.