"மூக்கை மாத்தியே ஆகணும்": வளரிளம் பிள்ளைகளும் அழகு அறுவை சிகிச்சையும், ஒரு பிளாஸ்டிக் சர்ஜனின் பதில்கள்

டாக்டர், என் மகளுக்கு 16 வயசு. மூக்கு அகலமா இருக்காம், ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு ஒரே பிடிவாதம். எங்கிருந்து வருது இது?

முதல்ல ஒரு சோதனை பண்ணுங்கம்மா. அவளை ஒரு செல்ஃபி எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் நீங்க அஞ்சடி தள்ளி நின்னு ஒரு படம் எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஓரடி தூரத்துல எடுத்த படத்துல மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டே காட்டினாங்க. லென்ஸுக்குக் கிட்ட இருக்கிறது பெருசாத் தெரியும், அவ்வளவுதான். என்கிட்ட வர்ற பிள்ளைகள் போனை நீட்டித்தான் பேசறாங்க. முன்னெல்லாம் நடிகை படம் கொண்டு வருவாங்க. இப்போ ஃபில்டர் போட்ட தன் முகத்தையே காட்டி "இப்படி வேணும்"கிறாங்க.

அப்போ எல்லாப் பழியும் போன் மேலதானா?

அப்படித் தப்பிச்சுட முடியாது. 15 வயசுப் பிள்ளை, ஏமாத்தற படத்தை நம்பறதுக்கு முன்னாடி, யாரோ அந்தக் காதை, மூக்கைக் காட்டிச் சிரிச்சிருப்பாங்க. பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். "அப்பா மூக்கு அப்படியே வந்துடுச்சே, பாவம்"னு அம்மா என் எதிர்லயே சொன்னப்போ, அந்தப் பொண்ணு கையால மூக்கை மூடிக்கிட்டா.

ஆனா படங்களுக்குப் பங்கே இல்லைன்னும் சொல்லமாட்டேன். தங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற உடல் குறித்த மனக்கஷ்டத்தை இன்ஸ்டாகிராம் இன்னும் மோசமாக்குதுன்னு பதின்வயதுப் பெண்கள்ல மூணுல ஒருத்தர் சொன்னதா, அந்த நிறுவனத்தோட உள் ஆவணமே 2021இல் வெளியே வந்தது.

எனக்கு 15 வயசு, பையன். மார்பு பெண்கள் மாதிரி வீங்கியிருக்கு. சட்டையைக் கழற்றவே கூச்சம்.

தம்பி, பருவ வயசுல ஹார்மோன் ஏறி இறங்கும்போது நிறையப் பையன்களுக்கு இது வரும். பெரும்பாலும் ஓரிரு வருஷத்துல தானா வத்திடும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியா இருந்தாலோ, ஏதாவது மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைப் பாரு. கத்தி இப்போ வேண்டாம்.

காது விரிஞ்சிருக்கிறதுக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். காது 6 வயசுக்குள்ள பெரும்பாலும் வளர்ந்துடும். பிள்ளையே கேட்டால் செய்யலாம்.

17 வயசுல உதட்டு ஃபில்லர் (உதட்டைப் பெருசாக்கற ஊசி) போடலாமா, பெற்றோர் சம்மதிச்சா?

இங்கிலாந்துல 2021 சட்டப்படி, அழகுக்காக 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு போடாக்ஸோ (சுருக்கம் போக்கற ஊசி) ஃபில்லரோ போட்டா குற்றம். பெற்றோர் கையெழுத்து செல்லாது. எனக்கும் அதுவே சரின்னு படுது.

ஆசை எது, நோய் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

கைக்கண்ணாடியைக் கொடுத்து "எங்கே, காட்டு"ன்னு கேட்பேன். சாதாரண ஆசைன்னா விரலை வச்சு ஒரு இடத்தைக் காட்டுவாங்க. சிலர் காட்டற இடத்துல எனக்கு எதுவுமே தெரியாது. தினம் மணிக்கணக்கா கண்ணாடி, பள்ளிக்குப் போகாம ஒளியறது, "அசிங்கமா இருக்கேனா"ன்னு திரும்பத் திரும்பக் கேட்கிறதுன்னு இருந்தா, அது உடல் உருவக் கோளாறு. 12, 13 வயசுலயே ஆரம்பிக்கும். மூக்கைச் சரிபண்ணினா தாடைக்குத் தாவும். மனநல மருத்துவர்கிட்ட அனுப்பிடுவேன். பேசிப் பேசியே மனசைச் சரிபண்ற சிகிச்சைக்கும் மருந்துக்கும் கேட்கும்.

(முதல் கேள்வி கேட்ட அம்மா) சோதனை பண்ணினோம் டாக்டர். "சரி, செல்ஃபிதான் பெருசாக் காட்டுது. ஆனாலும் பிடிக்கலை"ங்கிறா.

நல்ல பதில்தான் சொல்லியிருக்கா. முக வளர்ச்சி முடிஞ்சுதான்னு பார்க்கணும். ஒரு வருஷம் போகட்டும், அப்பவும் கேட்டால் கூட்டிட்டு வாங்க. முதல் பத்து நிமிஷம் நீங்க வெளியே உட்காரணும்.